அக்காவின் கோபத் தட்டு

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் நீங்கலாக அனைவரும் சுகம். அங்கே உன் சுகத்தைப் பற்றி, அத்தான் உனக்குத் தெரியாமல் மொட்டைமாடியிலிருந்து எனக்குப் போன் செய்து அவ்வப்போது சொல்லிவிடுகிறார். ஆகவே விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருப்பதால் விசாரிக்கிறேன். இதைப் படித்துவிட்டு அவரைத் திட்டாதே.

போனில் என் குரல் கேட்டதும் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் நீ எதையும் படிக்காமல் கிழிக்கிறவள் இல்லை. கடையில் பொட்டலம் கட்டித் தந்த காகிதத்தைக்கூடப் பிரித்து நீவிப் படிக்கிறவள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் மகளின் கல்யாண விருந்துக்கு எடுத்திருக்கும் மண்டபத்தில் அவர்களுடைய சமையல்தான், வெளிச் சமையல்காரருக்கு அனுமதி இல்லை என்று நான் சொன்னபோது நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் நிற்கிறது. "நம்ம புகையண்ணன் சமைக்காத விருந்துக்கு நான் எதுக்குடா? அந்த மண்டபத்து மேனேஜரையே பொண்ணுக்கு அத்தையா உட்கார வெச்சுக்கோ." அந்த மேனேஜரை நான் நேரில் பார்த்துவிட்டேன் அக்கா. உன் இடத்தில் உட்கார வைக்க அவர் லாயக்கில்லை. ஒல்லியான ஆள். யாரையும் அதட்டத் தெரியவில்லை.

உனக்குக் கோபம் சாப்பாட்டின் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். புகையண்ணன் என்று அவருக்குப் பெயர் வைத்ததே நீதானே. நம் சின்ன வயதில் விசேஷம் என்றால், வாடகை மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்தான் அவர் சமையல், முழுக்கப் புகையாக இருக்கும். முதலில் ஒரு கரண்டி தெரியும், அப்புறம் ஒரு கை, அப்புறம் சிவந்த கண்ணோடு அவர் வெளியே வருவார். பெரியவர்கள் முன்னால் கும்பலாக நின்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருக்க, நாம் இரண்டு பேரும் நைசாகப் பின்பக்கம் நழுவிவிடுவோம். வாணலியிலிருந்து எடுத்த கிழங்கு வறுவலை உள்ளங்கையில் வைப்பார். சுடும். இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி ஊதுவோம். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்பார். நாம் சொன்னதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா நம் தலையை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அம்மா போய்விட்டாள், அப்பாவும் போய்விட்டார். நம்மைச் சின்னப் பிள்ளைகளாகப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். உன்னை இன்னும் பெரிய பாப்பா என்றுதான் சொல்கிறார். உனக்குப் பேரன் பிறந்த பிறகும்.

அதோடு, நம் குடும்பத்துக்கு அவரை விட்டால் வேறு சமையல்காரர் சரிப்பட மாட்டார் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் வீட்டு விருந்து என்றால் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்து போக வேண்டும்; இல்லாவிட்டால் விருந்து நடந்ததாகவே சேர்த்தி இல்லை. சித்தப்பா, தனக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி போட்டார்கள் என்று போனார். பெரியப்பா, சாப்பிட்டீங்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை என்று ஒரு விருந்திலும், எல்லாரும் அதையே கேட்டு உயிரை வாங்குகிறார்கள் என்று அடுத்த விருந்திலும் போனார். நீ என் கல்யாணத்தில், பெண் வீட்டார் உன்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டுவிட்டார்கள் என்று போனாய். அதுகூடப் பரவாயில்லை. உன் கல்யாணத்தில் மணப்பெண்ணே நீதான். போட்டோகிராபர் கொஞ்சம் குறைவாகச் சிரிக்கச் சொன்னார் என்பதற்காக மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாய். அத்தான் தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டார். இப்படி வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய புகையண்ணன், சமையல் இறங்கியதும் பந்திக்கு முன்பே ஒரு தட்டில் எல்லாவற்றையும் எடுத்து, இன்னொரு தட்டால் மூடித் தனியே வைத்துவிடுவார். அதற்குப் பெயர் கோபத் தட்டு. யாருக்கு என்று அப்போது தெரியாது, ஆனால் வீணாகப் போனதே இல்லை. கோபித்தவர் பக்கத்தில் தட்டை வைத்துவிட்டு, வா போ என்று ஒரு வார்த்தை பேசாமல், முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கோபக்காரர் ஒரு வாய் எடுத்து வைப்பார். அப்புறம் காலித் தட்டுதான் திரும்பி வரும்.

ஆகவே உனக்காக நான் மேனேஜரிடம் மல்லுக்கு நின்றேன். கண்ணாடி அறை, என் மூக்குக் கண்ணாடியில் பனி படியும் அளவுக்கு ஏசி. வெளிச் சமையல்காரர் என்றால் அனுபவத்துக்கு ஏதாவது சான்று வேண்டும் என்றார். புகையண்ணனிடம் வந்து கேட்டால், "சர்டிபிகேட்டா? உங்க வீட்டுக் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்க தம்பி, சாப்பிட்ட பிறகு எல்லாரும் எவ்வளவு திருப்தியா நிக்கிறாங்கன்னு பாக்கட்டும்" என்றார். நானும் புத்தி கெட்டுப்போய் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, நீ மாடிப்படிக்கு அடியில் மடியில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் படத்தில் வந்து நின்று, இவங்க யாரு சார் என்று கேட்டார். மணப்பெண் என்றேன். அவர் ஆல்பத்தை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார். வேண்டுமானால் எங்கள் சமையலறையில் ஒரு நாள் வந்து மாதிரிக்குச் சமைத்துக் காட்டட்டும், எங்கள் சமையல்காரர் ருசி பார்த்துச் சரி என்று சொன்னால் அனுமதிக்கிறேன் என்றார்.

அந்த மண்டபத்துச் சமையல்காரர் ஒரு தொப்பிக்காரர். தொப்பி என்றால் சாதாரணத் தொப்பி இல்லை, வாசலில் குனிந்துதான் வர வேண்டும். புகையண்ணன் ஆட்டோவில் தன் பாத்திரங்களோடு வந்து இறங்கினார். உள்ளே போனால், நெருப்பே இல்லாத அடுப்பு அக்கா. கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு பலகை, அதன் மேல் பாத்திரத்தை வைத்தால் தானாகச் சூடாக வேண்டுமாம். புகையண்ணனின் அண்டாவோ அடி உருண்டை. வைத்தால் ஆடுகிறது, சூடாகவில்லை. அடுப்பு கீச்கீச்சென்று கத்துகிறது. "நாப்பது கல்யாணம் பாத்த அண்டா, இது கண்டுக்கவே மாட்டேங்குதே" என்று முகம் வாடி நின்றவரைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் கல் வைத்து மூட்டிக்கொள்ளலாமே என்று சொன்னது நான்தான். விறகு அவரே கொண்டு வந்திருந்தார், அதைக் கேட்க வேண்டுமா. தாளித்த வாசனை வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன். கண்ணைத் திறந்தால் அம்மா வந்து தலையை மோந்து பார்ப்பாள் போலிருந்தது. ஆனால் கண்ணைத் திறந்தபோது வந்தது அம்மா இல்லை, இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள். மாடி ஹாலில் அவர்களுக்குக் கூட்டமாம். நம் புகை ஜன்னல் வழியாக உள்ளே போய், தீப்பிடித்துவிட்டது என்று மணி அடித்து, கழுத்தில் டையும் கையில் பையுமாக அத்தனை பேரும் தடதடவென்று இறங்கி வந்துவிட்டார்கள். வந்தவர்கள் தீயைத் தேடினார்கள். அண்டாதான் கிடைத்தது. ஒருவர் உள்ளே ஓடிப் போய்த் தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார், நெருப்பு எரிகிறது என்று சொன்ன கட்டடத்துக்குள். கார்களுக்கு நடுவே பந்தி நடந்தது. மேனேஜர் கத்திக்கொண்டே வந்தார், பாதி வாக்கியத்தில் அவர் கையிலும் ஒரு தட்டு இருந்தது. நானும் பரிமாறினேன், என் முழங்காலையும் மறந்து.

எல்லாம் முடிந்து பார்த்தால் தொப்பிக்காரரைக் காணோம். மாடி ஹாலில் ஏஜெண்டுகளுக்கு அவர் சமைத்து வைத்தது அப்படியே ஆறிக் கிடக்கிறது. மனுஷன் மாடிப்படியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. புகையண்ணன் என்ன செய்தார் என்று நான் சொல்ல வேண்டாம், உனக்கே தெரியும். மாதிரிச் சமையலுக்குக்கூட ஒரு தட்டு எடுத்து மூடி வைத்திருந்திருக்கிறார். பக்கத்தில் வைத்தார், முதுகைக் காட்டி உட்கார்ந்தார், வெங்காயத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பிக்காரர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, அப்புறம் தட்டில் விரல் படும் சத்தம் கேட்டது. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து மாடிக்குப் போய், ஆறிப்போன அந்தச் சாப்பாட்டையும் சாப்பிட்டார்கள். திரும்பி வந்த தொப்பிக்காரரே மேனேஜரிடம் சொல்லிவிட்டார், இவர் தாராளமாகச் சமைக்கட்டும், நான் கூட நிற்கிறேன் என்று.

எனவே அக்கா, புகையண்ணன்தான் சமைக்கிறார். இனி நீ வராமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. உன் மருமகள் ஒவ்வொரு நாளும் அத்தை வருவாங்களா என்று என் முகத்தைப் பார்க்கிறாள். அவள் கேட்பது இருக்கட்டும், நீ இல்லாத பந்தியில் எனக்கு எப்படிச் சாப்பாடு இறங்கும்?

அத்தானுக்கு என் வணக்கங்கள். மொட்டைமாடி விஷயத்தை மறந்துவிடவும். பிள்ளைகளுக்கும் பேரனுக்கும் ஆசீர்வாதங்கள். எல்லாரும் நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஒரு வார்த்தைக்காகப் புகையில் நின்ற தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் புகையண்ணன் சமைக்கிறார் என்பதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். அதை அடித்தால் மேலே மிச்சம் ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரிகிறது. உறையை ஒட்டப் போகும்போது அவரே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. புகை இல்லாமல் பார்த்ததில் எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. என் மனைவி டீ கொடுத்தாள், தொடவில்லை. என்னண்ணே என்றேன். ஊரெல்லாம் பத்திரிகை வெச்சீங்களாமே என்றார். உங்களுக்கு எதுக்குண்ணே பத்திரிகை, நீங்கதானே சமைக்கப் போறீங்க என்று சொல்ல ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது.

"உங்க வீட்டு விசேஷம் ஒண்ணு விடாம சமைச்சிருக்கேன் தம்பி. தேதி சொல்லுவீங்க. வாங்கன்னு யாரும் சொன்னதில்ல. இந்தத் தடவை தொப்பிக்காரர் சமைக்கட்டும், அவர்கிட்ட பேசிட்டேன். நான் உட்கார்ந்து சாப்பிடப் போறேன்."

பத்திரிகையை எடுத்து வந்து, நானும் என் மனைவியும் சேர்ந்து நின்று கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். டீயை மட்டும் தொடவில்லை. வாசல் படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நானும் முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துப் பார்த்தேன். கண்ணீர் எனக்குத்தான் வந்தது. அப்புறம் அவராகவே, பெரிய பாப்பா வருமா என்று கேட்டார். நீங்க சமைக்கலைன்னா அக்கா வராதுண்ணே என்றேன். அவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

"எத்தனை தடவை அதுக்குத் தட்டு தூக்கிட்டுப் போயிருப்பேன். எனக்கு ஒரு தடவை கொண்டுவரச் சொல்லுங்க."

மண்டபத்தில் மாடிப்படிக்கு அடியில் இப்போதே இடம் பார்த்து வைத்திருக்கிறாராம். நான் கொண்டுபோனால் சாப்பிட மாட்டாராம். புறப்பட்டு வா அக்கா.