ஏரிக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, வாய்க்காலுக்கு ஒன்று

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை தனக்கே சொந்தம் என்று சின்னதுரை முடிவெடுத்தபோது அவன் கையில் அடியில் பச்சைப் பெயின்ட் பூசிய ஒட்டடைக்கம்பு இருந்தது.

தலையில் துண்டு. மூக்கு நிறையத் தூசி. வீடிழந்த சிலந்தி ஒன்று அவன் புருவத்தின் மேல் நின்று புது மனைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தது.

திங்கள் முதல் சனி வரை அவன் விழுப்புரத்தில் ஒரு டூவீலர் உதிரிபாகக் கடையின் மேனேஜர். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய், பஸ்ஸில் வருவான். அங்கே அவன் சொன்னால் நான்கு பேர் ஓடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவன் ஒருவனே அந்த நான்கு பேராக இருந்தான். ஒட்டடை, தண்ணீர்த் தொட்டி, மார்க்கெட். அதெல்லாம் முடிந்து அப்பாடா என்று உட்கார்ந்தால், "பெருமுக்கல் போய் அப்பாவை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாமா?" என்று காந்திமதி கேட்பாள். அது கேள்வி போல இருக்கும். ஆனால் அவள் அப்போதே புடவை மாற்றியிருப்பாள்.

அவனுக்கு வேண்டியது அதிகமில்லை. ஒரு ஏரிக்கரை, ஒரு தூண்டில், அதன் நரம்பைச் சுற்ற நல்ல ரீல் ஒன்று. பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. ஆறு மாதமாகப் பஸ்ஸில் வீடியோ பார்த்தே அவன் இரண்டாயிரம் மீன் பிடித்திருந்தான். நிஜமான ரீலை இதுவரை கையால் தொட்டதில்லை.

பக்கத்துக் கடை அலெக்ஸ்தான் வழி சொன்னான். செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன், அவனுக்கும் வீடு திண்டிவனத்தில்தான். பெண்டாட்டியிடம் காரியம் சாதிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்புகிறவன்.

"ரீல் ஒண்ணு வாங்கிக்கட்டுமான்னு போய் நிக்காத மாமே. ஒண்ணு கேட்டா ஒண்ணும் கிடைக்காது. மூணு கேளு."

"மூணா? வீட்டை விட்டுத் தொரத்திடும்டா."

"தொரத்தாது. 'மூணெல்லாம் முடியாது, ஒண்ணு வாங்கிக்கோ'ன்னு அதுவே இறங்கி வரும். போன மாசம் நான் எப்படி ஸ்பீக்கர் வாங்கினேன்? மூணு கேட்டேன். அன்புச்செல்வி ஒண்ணுக்கு ஒத்துக்கிச்சு. ஆனா ஒரு விஷயம். மொத பேரத்துக்கே தலையாட்டிடாத. கொஞ்ச நேரம் முறுக்கிக்கினு நில்லு. அப்பதான் நம்புவாங்க."

சின்னதுரைக்குச் சிலிர்த்துவிட்டது. மார்க்கெட்டில் காந்திமதி கத்தரிக்காய் வாங்குகிற அதே முறை! அவளுடைய ஆயுதத்தை அவள் மேலேயே வீசப்போகிறான்.

அன்று சாயங்காலம் காந்திமதி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால்தான் சுடுவாள். எழுதுவது, வெட்டுவது, கதவைச் சாத்துவது எல்லாமே அவளுக்கு இடது கைதான். கல்யாணமான புதிதில் மாமியார் அதைப் பற்றி ஒருமுறை பேசினார். மறுமுறை பேசவில்லை.

"காந்தி, நான் மீன் புடிக்கலாம்னு இருக்கேன்."

"எந்தக் கடையில?"

"கடையில இல்ல. ஏரியில."

"ஏரியில யாருங்க வெட்டி சுத்தம் பண்ணிக் குடுப்பாங்க?"

"தூண்டில்ல காந்தி! நானே புடிக்கப்போறேன். அதுக்கு ரீல் வேணும். நரம்பைச் சுத்தி வக்கிற ராட்டினம் மாதிரி இருக்கும். மூணு வாங்கணும்."

தோசைக்கரண்டி நின்றது.

"மூணு எதுக்கு? ஒண்ணு வாங்கிக்கினா போதாதா?"

இதுதான் அந்த இடம். 'சரி' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் இது முதல் பேரம். முறுக்கிக்கொண்டு நிற்கச் சொல்லியிருந்தான் அலெக்ஸ். போதாக்குறைக்கு, ஆறு மாதமாகச் சேர்த்த அறிவைக் கொட்ட ஒரு காது கிடைத்திருந்தது. சின்னதுரை முறுக்கினான்.

"ஒண்ணு எப்படிப் போதும்? ஒரே சட்டியில தோசையும் சுட்டு, குழம்பும் வச்சு, பாலும் காய்ச்சுவியா?"

"மாட்டேன்."

"அதேதான். வாய்க்கால்ல ஜிலேபி மீனு, கெண்டை புடிக்கணும்னா சின்ன ஸ்பின்னிங் ரீல். பூ மாதிரி இருக்கும். குழந்தைகூட வீசலாம், வயசானவங்களுக்கும் கை வலிக்காது. கடலுக்கு அது ஆவாது. அலையைத் தாண்டி வீசணுமே. பெரிய ரீல் வேணும், நரம்பு நெறையப் புடிக்கணும், உப்பு தாங்கணும். வந்த ஒடனே நல்ல தண்ணியில கழுவி வக்கணும். அன்னன்னிக்குக் கழுவலன்னா அவ்ளோதான், துருப்புடிச்சிடும்."

"ஏரிக்கு?"

"ஏரியில விரால். அது குண்டன். தாமரைக்கொடி நடுவுல பூந்து இழுக்கும். அதுக்கு பெய்ட்காஸ்டிங் ரீல். கம்பு மேல உக்காந்திருக்கும். கட்டை விரலால அழுத்திக்கினே வீசணும். விரலு கொஞ்சம் அசந்தா நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்காயிடும். இன்னொண்ணு, மத்த ரீல்ல கைப்பிடியைக் கழட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்திக்கலாம். இதுல மாத்த முடியாது. வாங்கும்போதே நம்ம கை எதுன்னு பாத்து வாங்கணும்."

காந்திமதி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அப்ப ஒண்ணோட வேலைய இன்னொண்ணு செய்யாது."

"செய்யவே செய்யாது."

"மூணும் இருந்தே ஆவணும்."

"ஆவணும்."

"சரிங்க. மூணும் வாங்கிடலாம்."

சின்னதுரையின் வாயிலிருந்த தோசை அங்கேயே நின்றது. வாசலுக்கு ஓடிப்போய் அலெக்ஸுக்குப் போன் போட்டான்.

"மாமே, இறங்கவே இல்லடா! மூணுக்கும் ஓகே சொல்லிடுச்சு!"



"மூணுக்குமா? என்னா மாமே, எனக்கே நம்ப முடியல. ஜாக்கிரதையா இரு."

காந்திமதி அவனை உட்காரவைத்து எந்த ரீல், எத்தனாம் சைஸ், எப்படிப்பட்ட கம்பு என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அவனும் பாடம் நடத்தினான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் பேச்சை அவள் இவ்வளவு நேரம் குறுக்கிடாமல் கேட்டதே இல்லை. அவள் போனிலேயே ஆர்டர் போட்டாள். "பார்சல் பகல்ல வரும், நான் வாங்கி வக்கிறேன், நீங்க பேஜாராவாம வேலைக்குப் போங்க" என்றாள். இப்படி ஒரு மனைவி எந்த ஊரில் கிடைப்பாள் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே போனான்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். மேஜை மேல் ஒரு பெட்டி இருந்தது. ஒரே ஒரு பெட்டி.

"மீதி ரெண்டு வரலியா?"

"எல்லாம் வந்துச்சுங்க. பெரிசை ரஞ்சித் எடுத்துக்கினு போயிட்டான்."

ரஞ்சித் அவள் தம்பி. கோட்டக்குப்பத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறவன்.

"அவன் ஏன் எடுத்துக்கினு போனான்?"

"நீங்கதான சொன்னீங்க, அது கடலுக்குத்தான் ஆவும்னு. திண்டிவனத்துல கடலு ஏதுங்க? கடலுகிட்ட இருக்கறவன்கிட்ட இருக்கட்டும். அன்னன்னிக்குக் கழுவி வக்கணும்னு ஜாக்கிரதையா சொல்லி அனுப்பியிருக்கேன்."

"சின்னது?"

"அப்பாவுக்கு. வயசானவங்களுக்குக் கை வலிக்காதுன்னு சொன்னீங்களே! வீட்டுக்குப் பின்னாடியே வாய்க்கால் ஓடுது. அறுபதாம் கல்யாணத்துக்கு மாப்ள ஒண்ணும் செய்யலன்னு இதுவரைக்கும் ஒரு பேச்சு இருந்துச்சு. இப்ப அவரு தெருவெல்லாம் காட்டிக்கினு திரியறாரு. மாப்ள, மாப்ளன்னு வாயெல்லாம் நீங்கதான்."

சின்னதுரை மனதைத் தேற்றிக்கொண்டான். பரவாயில்லை. ஆரம்பத்திலிருந்து அவனுக்கு வேண்டியது ஒன்றுதானே? அதுவும் விரால் ரீல். ராஜா மாதிரி ரீல். பெட்டியைப் பிரித்தான். கருகருவென்று மின்னியது. ஆசையாகக் கம்பில் பூட்டினான். வலது கையில் கம்பைப் பிடித்தான். இடது கை கைப்பிடியைத் தேடியது. அங்கே கைப்பிடி இல்லை. அது வலது பக்கம் இருந்தது.

"காந்தி! தப்பா அனுப்பியிருக்கான். கைப்பிடி எனக்கு இந்தப் பக்கம் வரணும். ஜல்தியா போனை எடு, திருப்பி அனுப்பிடலாம்."

"எங்க, இப்படிக் குடுங்க."

அவள் கம்பை இடது கையில் வாங்கினாள். வலது கையால் கைப்பிடியைச் சுற்றினாள். வெண்ணெய் மாதிரி சுற்றியது.

"சரியாத்தானே இருக்குது. நம்ம கை எதுன்னு பாத்துத்தான் வாங்கினேன்."

"நீ... நீ மீன் புடிக்கப்போறியா?"

"மூணு ரீலை ஒரே ஆளு எப்படிங்க புடிப்பீங்க?" காந்திமதி கம்பைச் சுவரோரம் பத்திரமாகச் சாய்த்துவைத்தாள். "அன்புச்செல்வி அக்கா பாவம். அலெக்ஸ் அண்ணன் மூணு ஸ்பீக்கர் கேட்டாராம். ஒண்ணு வாங்கிக்கோன்னு சொல்லி ஏமாந்துட்டாங்களாம். வாரா வாரம் மகளிர் குழுவுல சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாங்க. அதான், ஒண்ணுன்னு சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். அப்பவும் பழக்கதோஷத்துல வாய் தவறி, ஒண்ணு போதாதான்னு கேட்டுட்டேன். நல்லவேளை, நீங்களே வேணாம்னுட்டீங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சின்னதுரை ஆசைப்பட்டபடியே ஏரிக்கரையில் இருந்தான். பெருமுக்கல் ஏரிக்கரையில். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டவனுக்குப் பக்கத்தில் காந்திமதி, இந்தப் பக்கம் மாமனார் சக்கரபாணி, பின்னால் புளிச்சோற்றுத் தூக்கோடு மாமியார்.

"மாப்ள, புழு தீந்துபோச்சு" என்றார் மாமனார். மாப்பிள்ளை கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு மண்ணைக் கிளறப் போனார்.

காந்திமதி இடது கையை ஓங்கி வீசினாள். விராலை ஏமாற்ற முள் மாட்டிய தவளைப் பொம்மை தாமரை இலை ஓரத்தில் பொத்தென்று விழுந்தது. தண்ணீர் கலங்கியது. முழங்கை நீளத்தில் ஒரு விரால் துள்ளிக்கொண்டு கரைக்கு வந்தது. முள்ளைக் கழற்றும் வேலை சின்னதுரைக்கு.

"எனக்கும் ஒருவாட்டி குடேன்" என்றான். அவனுக்கே குரல் சின்னதாகக் கேட்டது.

கொடுத்தாள். இரண்டாயிரம் மீன் பிடித்த கை. வீசினான். பக்கம் மாறிப்போன கைப்பிடி முழங்கையில் இடித்தது, கட்டை விரல் அசந்தது. ரீலுக்குள் அழகான ஒரு குருவிக்கூடு பூத்தது. பத்து மணி வெயிலில் உட்கார்ந்து, பதினோரு மணி வெயிலில் அதைப் பிரித்து முடித்தான். அவள் ஒன்றும் திட்டவில்லை. வாங்கிக்கொண்டு மறுபடி வீசப் போய்விட்டாள்.

அவன் முகத்தைப் பார்த்து மாமனாருக்கே மனசு கேட்கவில்லை. "ஏம்மா, மாப்ளைக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்லாம இருக்குமா? சாக்கு சுத்தி ஆட்டோ மேல கட்டிக்கினு வந்தது யாருக்காம்? வேப்பமரத்துல சாத்தி வச்சிருக்கேன், போய் எடுத்துக்குங்க."

சின்னதுரை ஓடினான். நீளமான மூங்கில் கம்பு ஒன்று நின்றது. நுனியில் நரம்பு, முள், ஒரு தக்கை. ரீல் மட்டும் இல்லை. ஆனாலும் தூண்டில் தூண்டில்தானே? பரவசமாகக் கையில் எடுத்தான். பிடி எங்கோ பழகின மாதிரி இருந்தது. கம்பைத் திருப்பிப் பார்த்தான். அடியில் பச்சைப் பெயின்ட்.

"என்னாங்க," ஏரியை விட்டுக் கண்ணை எடுக்காமல் காந்திமதி கூப்பிட்டாள். "வீட்டுக்குப் போன ஒடனே நரம்பை அவுத்துட்டுத் துடைப்பத்தைத் திரும்பக் கட்டிடுங்க. ஹால்ல ஒட்டடை அப்படியே கெடக்குது."