ஆறு மாச ப்ரவோகேஷன்

புரியாத இங்கிலீஷுக்குத் தலையாட்டும் வியாதி எனக்கு உண்டு. நின்றுபோக இருந்த என் கல்யாணத்தை ஒருமுறை அதுதான் காப்பாற்றியது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் சேர்ந்த புதிது. ஆறு மாதம் ப்ரொபேஷன், அப்புறம்தான் பர்மனென்ட். தேவியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். பொன்னேரியில் நெல் போடுகிற அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "பர்மனென்ட் லெட்டரோட வாங்க மாப்ள. அப்பால பத்திரிகை அடிக்கலாம்."

நாலாவது மாதம். கேன்டீனில் சூப்பர்வைசர் கஜேந்திரன் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இன்னாடா, மாமனாரு இன்னும் பொண்ண குடுக்கலியா? டெம்பரவரி ஆளுக்கு டெம்பரவரி பொண்ணுதான்டா கெடைக்கும்!"

கேன்டீனே சிரித்தது. என் கையில் மோர் டம்ளர் இருந்தது. அடுத்த நொடி மோர் அவர் தலையில் இருந்தது. (கறிவேப்பிலை மட்டும் புருவத்தில் நின்றுவிட்டது.)

மறுநாள் காலை விசாரணை. வேலை போனால் தேவியும் போச்சு. ஹெச்.ஆர். மேடம் மெதுவான குரலில் கேட்டார்.

"எனி ப்ரவோகேஷன்?"

தலையாட்டினேன். "இருக்குது மேடம்."

"எவ்வளவு நாளா?"

"நாலு மாசம் முடிஞ்சிது. இன்னும் ரெண்டு மாசம் பாக்கி."

மேடத்தின் பேனா நின்றது. "தினமுமா?"

"ஞாயித்துக்கெழமை கெடையாது மேடம்."

"யாரு அப்படிப் பண்றது?"

"நீங்கதான் மேடம். கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே!"

பக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்ற கஜேந்திரன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அய்யோ மேடம், இவன் ப்ரொபேஷன சொல்லிக்கினு கீறான்!"

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். "ப்ரவோகேஷன்னா சீண்டறதுப்பா. உன்னை யாராவது சீண்டினாங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் கண்ணைத் துடைத்தபடி கஜேந்திரனே சொன்னார். "நான்தான் மேடம் உசுப்பேத்தனேன். வுட்டுடுங்க, பாவம்."

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம். எனக்கு மட்டும் ப்ரொபேஷன் மூன்று மாதம் கூடியது. கல்யாணமும் மூன்று மாதம் தள்ளி நடந்தது. பந்தியில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோர் ஊற்றியவர் கஜேந்திரன். என் இலையருகே வரும்போது மட்டும் வாளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

இன்று எனக்குப் பதினோரு வருட பர்மனென்ட். ஆனாலும் நான் குரலை உயர்த்தினால் தேவி நிதானமாகச் சொல்வாள்.

"கம்பெனிலதான் நீ பர்மனென்ட். இந்த ஊட்ல இன்னும் ப்ரவோகேஷன் பீரியடுதான். பாத்து நடந்துக்கோ."

தலையாட்டுகிறேன். (இப்போது அர்த்தம் தெரிந்தே.)