ஏழாம் வகுப்பு வரலாற்றுப் பாடமும் எங்கள் வீட்டு அண்டாவும்

20-2-97, வியாழன்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை, நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் திருமூர்த்தி அவர்களுக்கு, மச்சான் காளிச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரங்கம்மாளும் எட்டுத் தறியும் இரண்டு எருமையும் சௌக்கியம். அங்கே உங்களையும் என் தங்கச்சியையும் மருதமலையான் சௌக்கியமாக வைத்திருக்கட்டும். மூன்று தெரு தள்ளியிருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்பீர்கள். நேரில் வந்தால் வாய் தடித்துவிடும். தங்கச்சி ஊட்டுக்காரராயிற்றே என்றுதான் எழுதுகிறேன்.

விஷயம், உங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் சமூக அறிவியல் வாத்தியார் கிருபாசங்கரைப் பற்றியது. முன்னே இருந்தவர் நோட்ஸைப் படிக்கச் சொல்லிவிட்டு மேசையில் தலைவைத்துத் தூங்குவார். யாருக்கும் ஒரு கெடுதலுமில்லை. இவரோ கல்வெட்டும் செப்பேடும் வரலாற்று ஆதாரம், அவரவர் ஊட்டில் எழுத்து வெட்டிய பொருளையெல்லாம் பார்த்து எழுதி வாருங்கள் என்று ஏழாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். நம்ம ஊட்டில் கல்வெட்டு ஏதுங்க? எங்க மக நித்யஸ்ரீ நேராகச் சமையல்கட்டுக்குள் போய்ப் பாத்திரத்தை ஒவ்வொன்றாகத் திருப்பி, வெட்டியிருந்த பேரையெல்லாம் எழுதிப்போட்டாள். பிள்ளை கருத்தாகப் படிக்கிறதென்று நானே டார்ச் அடித்தேன், புத்தி கெட்டுப்போய்.

சாப்பாட்டு வட்டல் பதினொன்று, சத்தியமங்கலம் கல்யாண மண்டபம். கரண்டி, சத்துணவு மையம். தூக்குப்போசி, பழனாத்தாள், புதுமனை புகுவிழா 1988. இதோடு விட்டாளா? அடியில் முடிவுரை வேறு: ‘இதிலிருந்து இக்குடும்பத்தின் ஆட்சி வடக்கே சத்தியமங்கலம் வரை பரவியிருந்தது தெரிய வருகிறது. விருந்துகளுக்குச் சென்றபோதெல்லாம் இவர்கள் வெற்றியுடன் திரும்பினர்.’ வாத்தியார் அதற்கு இருபதுக்கு இருபது போட்டு, பெரிய சார்ட்டில் எழுத வைத்து, பள்ளி வராந்தாவில் ஒட்டியும்விட்டார். நீங்களும் நின்று படித்துச் சிரித்ததாகக் கேள்வி. மகனைக் கூட்டிவரப் போன பக்கத்து ஊட்டுப் பழனாத்தாள் அதைப் படித்துவிட்டு நேராக எங்க ஊட்டுக்கு வந்தாள். “ஏனுங்க, ஒம்பது வருசமாத் தேடறனுங்க. உங்ககிட்டயே மூணு தடவ கேட்டனுங்களே” என்று சொல்லித் தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு போனாள். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. அந்த ஒவ்வொரு ‘ங்க’வும் கன்னத்தில் விழுந்தது.

அதுகூடப் போகட்டும், அண்டாவுக்கு நான் என்ன செய்ய? சார்ட்டின் கடைசி வரி இப்படி இருக்கிறது: ‘அண்டா. அருள்மிகு மாரியம்மன் கோயில், 1985. தற்போது எருமைக்குப் பருத்திக்கொட்டை ஊற வைக்கப் பயன்படுகிறது.’ மாப்பிள்ளை, அது உங்க கல்யாணத்துக்கு ரசம் வைக்க வாங்கி வந்ததுங்க. நீங்களே மூணு தடவை கேட்டுக் குடிச்சீங்க. திருப்பிக் கொடுக்கத்தான் ஒரு நல்ல நாள் அமையாமலே போய்விட்டது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, கோயில் கும்பாபிஷேகக் கமிட்டிக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கிறார்கள். கோயிலில் சாரம் கட்டியிருப்பதால் கூட்டம் உங்கள் பள்ளி வராந்தாவில், சரியாக அந்தச் சார்ட்டுக்குக் கீழே. பத்து வருஷம் அலைந்து இந்தத் தடவைதான் என் பேர் அடிபடுகிறது. உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், விடிந்ததும் அதைக் கிழித்துப்போடுங்கள். வாத்தியாரையும் அசோகர் காலத்தோடு நின்றுகொள்ளச் சொல்லுங்கள். செத்துப்போனவங்க ஊட்டுப் பாத்திரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டட்டும், உசுரோடு இருக்கிறவன் ஊட்டில் அவருக்கு என்ன வேலை?

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் குடும்பம் மேலும் மேலும் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் மச்சான்,
காளிச்சாமி

பி.கு. (வெள்ளி, சாயங்காலம்): காலையில் கடிதத்தோடு வந்தால் நீங்கள் ஆபீஸ் வேலையாகக் கோயமுத்தூர் போய்விட்டீர்களாம். சார்ட் அப்படியே இருந்தது. கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று படித்தார்கள். செயலாளர் ராக்கியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கோயில் சாமான் நம்ம எல்லாரு ஊட்லயும் இருக்குதுங்க. நாமெல்லாம் பேரைத் தேச்சுப்போட்டோம். காளிச்சாமி ஒருத்தர்தான் அழிக்காம வெச்சிருக்காருங்க. இவரை நம்பாம வேற யாரை நம்பறதுங்க?” என்றார். ஏகமனதாக நானே தலைவர். ஆகவே சார்ட்டைக் கிழிக்க வேண்டாம், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுங்கள், செலவு என்னுடையது. வாத்தியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அண்டாவைத் திருப்பிக் கேட்க மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.