குண்டோதரனின் நான்காவது கட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. கரையான்சாவடியில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி. சாப்பாட்டு மேசையில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்தபடி, கைவசம் இருந்த ஏழு புள்ளிகளை எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“உயிர்ல நாலு. தாங்குறதுல மூணு” என்றார் உத்தமன்.

“அடியில ஒண்ணு வைங்கப்பா. பேருக்கு” என்றாள் நிவேதிதா.

“குண்டோதரன் யாரையும் அடிக்க மாட்டாம்மா.”

“அடிக்காதவன் சண்டைக்கு எதுக்குப் போறான்?”

“அடிக்கிறவனப் பாத்துக்க.”

இந்தப் பதிலைக் கேட்டதும் உங்களுக்கு யாருடைய முகமாவது நினைவுக்கு வருகிறதா? அப்படியானால் இந்த இனத்தை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். தாங்கி என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். தமிழ்நாடெங்கும் பரவலாகக் காணப்படும் இனம். அழிந்துபோகும் என்று எவரும் கவலைப்பட்டதில்லை. அதைப் பற்றி எவரும் எந்தக் கவலையும் பட்டதில்லை.

தாங்கியை அடையாளம் காண மிக வசதியான இடம் கைபேசி விளையாட்டு. பூதங்களை வளர்த்து மோதவிடும் ஓர் ஆட்டம் இருக்கிறது. அணிக்கு மூன்று பேர், ஆளுக்கொரு பூதம். அடி, வேகம், உயிர், தாங்கும் சக்தி என்று நான்கு குணங்களுக்குப் புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிறகு நான்கு கட்டங்களில் நான்கு வித்தைகளை நிரப்ப வேண்டும். புத்தியுள்ளவர்கள் என்ன செய்வார்கள்? நெருப்புக் கக்கும் பருந்தையோ மின்னல் வால் பாம்பையோ எடுத்து, புள்ளிகளை எல்லாம் அடியில் கொட்டி, எதிரியைப் பொசுக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். தாங்கி அப்படிச் செய்வாரா? கடையில் கடைசியாகக் கிடக்கும், காலும் கழுத்தும் இல்லாத, வயிறு மட்டுமே உள்ள ஒரு ஜந்துவைத் தேடி எடுத்து, அதற்குக் குண்டோதரன் என்று பெயரும் வைத்து, எவ்வளவு அடி விழுந்தாலும் வயிற்றுக்குள் போட்டுக்கொள்வான் என்று ஊருக்கெல்லாம் பெருமையும் பேசுவார்.

வேகத்தில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். மெதுவான பூதத்துக்குத்தான் கடைசியில் முறை வரும்; கூட்டாளிகள் எல்லோரும் அடி வாங்கி முடித்த பிறகு மருந்து போட்டால்தான் மருந்து வீணாகாது. எதிரி அணியின் ஆகப் பெரிய அடி எத்தனை, அதை வாங்கிய பிறகு குண்டோதரனுக்கு ஒரே ஒரு சொட்டு உயிர் மிஞ்ச உயிரில் எத்தனை வேண்டும், தாங்குவதில் எத்தனை வேண்டும் என்று நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுவார். ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் உதிரி பாகங்களின் அளவு சரிபார்த்து ஓய்வு பெற்றவர் உத்தமன். எந்தப் பாகம் எவ்வளவு அழுத்தத்தில் விரிசல் விடும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். தன்னைத் தவிர.

வித்தைகள்? முதல் கட்டத்தில் மருந்து: கூட்டாளியின் காயத்தை ஆற்றும், தனக்குப் போட்டுக்கொள்ள முடியாது. இரண்டாவதில் மறைப்பு: கூட்டாளிக்கு வரும் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். மூன்றாவதில் ஊக்கம்: கூட்டாளியின் பலம் இரட்டிக்கும். நான்காவதில்தான் குகையை வைக்க வேண்டும். குகைக்குப் போன பூதம் ஒரு சுற்றுக் களத்தில் இருக்காது. திரும்பி வரும்போது முழு உயிரோடு வரும். இந்த வகைப் பூதத்துக்குக் குகை கட்டாயம் என்று ஆட்டத்தின் வழிகாட்டியே சொல்கிறது. தாங்கிகளும் அதைப் படிக்கிறார்கள். படித்துவிட்டு, நான்காவது கட்டத்தில் இன்னொரு மருந்தை வைக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் திரையில் கணக்கு வரும். கொடுத்த அடி: பூஜ்யம். வாங்கிய அடி: எட்டாயிரத்துச் சொச்சம். வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டு மூடிவிடுவார்கள். தாங்கி அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். தாங்கியின் அடக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். ஊரிலேயே அதிக அடி வாங்கியவன் என்ற பட்டத்தை அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆட்டத்துக்கு வெளியேயும் இதே சங்கதிதான். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் ரசம் தீர்ந்த பிறகு உட்காருபவர் அவர். அடுக்ககத்தில் மோட்டார் நின்றால் பிளம்பரோடு தொட்டிக்கடியில் டார்ச் பிடித்து நிற்பவர் அவர். தோசை கிழிந்தால் கிழிந்ததைத் தன் தட்டில் போடச் சொல்பவர் அவர். கிழியாத தோசை தனக்கு வந்துவிட்டால் பதறிப்போவார்.

“அந்தப் பூதத்துக்கெல்லாம் மருந்து போடுறீங்களே, உங்க மாத்திரையப் போட்டீங்களா?” என்பாள் மனைவி கோமளா.

“இந்த ரவுண்டு போகட்டும்.”

இதுதான் இந்த இனத்தின் கூவல். காக்கைக்குக் கா கா. தாங்கிக்கு இந்த ரவுண்டு போகட்டும்.

அந்த வைகாசியில் மின்தூக்கி பழுதாகி, மூன்று மாடி ஏறியபோது இரண்டாம் மாடியில் உத்தமன் உட்கார்ந்துவிட்டார். மார்பில் யாரோ மூட்டை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். டாக்டர் இதயத்துக்கு இரண்டு பரிசோதனைகள் எழுதி, தள்ளிப்போடாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரியில் தேதி குறித்துச் சீட்டும் கொடுத்தார்கள். தொலைந்துவிடக் கூடாதே என்று உத்தமன் அதை நாலாய் மடித்துத் தன் கைபேசியின் கண்ணாடி போன்ற கவருக்குள், முதுகுப் பக்கமாகச் செருகிக்கொண்டார். அதன் பிறகு மூன்று மாதம் அதே கைபேசியில் தினமும் ஆடினார். எதிரே உட்காருபவர்களுக்கெல்லாம் அந்தச் சீட்டு தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. அவர் பார்ப்பது திரையை.

எதிரே உட்காருபவர்கள் யார்? பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கஜபதி ஒருவன். நெருப்புப் பருந்து அவனுடையது. இன்னொருவர், உத்தமனோடு அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஏகாம்பரம்; இடது கண்ணில் புரை, அதனால் எதிரியையும் கூட்டாளியையும் சில சமயம் மாற்றி அடித்துவிடுவார். மூவரும் கடையில் உட்கார்ந்து ஆடும்போது கேட்கும் பேச்சு இது:

“அண்ணாத்தே, பருந்து காலி ஆவப்போது. மருந்து போடு.”

“போட்டுட்டேன்பா.”

“இன்னொண்ணு போடு. உன் ஆளுக்கு இன்னா கீது?”

“ஒரு சொட்டு. தாங்குவான்.”

“தாங்குவான், தாங்குவான். அது பூதமா இல்ல ரப்பர் டயரா நைனா?”

ஒரு தாங்கி இருக்கும் அணியில் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறீர்களா? கஜபதி இரண்டு வருடமாக ஆடுகிறான். அடி வரும்போது விலகுவது எப்படி என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவனுக்கு வரவே இல்லை.

ஆஸ்பத்திரி குறித்த முதல் தேதி, ஏகாம்பரத்தின் வீட்டுக்குக் கான்கிரீட் போட்ட நாள். மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமாம். உத்தமன் போனார். தள்ளி வாங்கிய இரண்டாம் தேதி, வேலப்பன்சாவடிக் கல்லூரி ஒன்றில் நடந்த போட்டியின் நாள். அரையிறுதிவரை போய், குண்டோதரன் ஒற்றைச் சொட்டு உயிரோடு பருந்துக்கு வந்த அடியை மறைத்து விழுந்தான். பருந்து பிழைத்தது, பிழைத்து அடுத்த சுற்றில் தோற்றது. ஏனென்றால் மறைக்க ஆள் இல்லை. ஆறுதல் பரிசாகக் கிடைத்த தண்ணீர் பாட்டிலைக் கஜபதி எடுத்துக்கொண்டான்.

மறுபடி தள்ளி வாங்கிய மூன்றாம் தேதி, ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் இந்த அவரைக்காய்.

புதுப் பருவம் தொடங்கியதால் ஆட்டம் நான்காவது கட்டத்தைக் காலி செய்து, மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னது. நிவேதிதா மென்பொருள்களில் பிழை தேடும் வேலையில் இருப்பவள். எது உடையும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

“குகையப் போடுங்கப்பா.”

“நான் குகைக்குப் போனா அந்த ரவுண்டு கஜபதிய யார் பாப்பா?”

“அவன் செத்துட மாட்டான்.”

“பருந்து செத்துடும்.”

“சாகட்டும். அது பொம்மை.”

உத்தமன் ஓர் அவரைக்காயின் நாரை முழுசாக, அறுபடாமல் உரித்து மேசையில் வைத்தார். “சரி. நாளைக்கு டெஸ்ட்டுக்குப் போயிட்டு வந்து குகையப் போடுறேன். ரெண்டும் ஒண்ணா. போதுமா?”

“சத்தியமா?”

“இந்த அவரைக்கா மேல சத்தியமா.”

ஏழு புள்ளிகளில் நாலு உயிருக்கும் மூன்று தாங்குவதற்கும் போயின. நான்காவது கட்டம் காலியாகவே இருந்தது. கோமளா அவரைக்காயை எடுத்துப் போய்ப் பொரியல் செய்தாள்.

திங்கட்கிழமை காலை உத்தமன் சொன்ன சொல் தவறவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். போகிற வழியில் ஏகாம்பரத்தின் போன் வந்தது. கண்ணுக்குப் பார்க்க அதே ஆஸ்பத்திரியில் இன்று வரச் சொல்லியிருக்கிறார்கள், மருந்து ஊற்றினால் பார்வை மங்கும், கூட்டிப்போக ஆள் இல்லை என்றார். கண்ணுக்குக் கீழ்த்தளம். இதயத்துக்கு இரண்டாம் மாடி. நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? மேலே போய் நம் வேலையை முடித்துக்கொண்டு கீழே வந்திருப்போம். தாங்கிக்கு வேகம் பூஜ்யம். எல்லோருக்கும் முடிந்த பிறகுதான் அவர் முறை.

“இன்னா உத்தமன், உனக்கும் எதுவோ டெஸ்ட்டுன்னியே?” என்று ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டே கேட்டிருக்கிறார்.

“உனக்கு முடியட்டும். அப்புறம் மேல போறேன். இந்த ரவுண்டு போகட்டும்.”

ஏகாம்பரத்தின் கோப்பு ஒரு கையில், செருப்புப் பை இன்னொரு கையில், கழுத்தில் துணைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் அட்டை. அந்தக் கோலத்தில், வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் கடைசி நாற்காலியில், பத்து ஐம்பதுக்கு உத்தமன் சாய்ந்தார். ஓடி வந்து தூக்கினார்கள், செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். இதய டாக்டர்கள் நிறைந்த ஒரு கட்டடத்துக்குள் போய், நோயாளியாக அல்லாமல் துணைக்கு வந்தவராகச் செத்துப்போக ஒரு தாங்கியால்தான் முடியும். இந்தப் பிழையைச் செய்ய வேறெந்த இனத்துக்கும் திறமை போதாது.

பதினேழாம் நாள் கஜபதி வீட்டுக்கு வந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி, பிறகு வாங்கிக் குடித்தான். கொஞ்ச நேரம் அழுதான். அது பொய் அழுகை இல்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தான்.

“தப்பா நென்ச்சுக்காத சிஸ்டர். அண்ணாத்தே போனு உன்னாண்டதான கீது? அடுத்த மாசம் மேச்சு வருது. நீ சும்மா குந்திகினு மருந்து மட்டும் போடு. போதும்.”

“உனக்கு நீயே மருந்து போட்டுக்க ஆட்டத்துல வழி இல்லையா?”

“அதுக்கு வேற வித்தை கீதாம். நான் எடுத்ததே இல்ல. அண்ணாத்தே இருந்தாரே.”

நிவேதிதாவுக்கு அவனை வெளியே போகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்காக வாயைத் திறந்தாள்.

“சரி. நான் பாத்துக்கிறேன்” என்று வந்தது.

கஜபதி போன பிறகு வெகுநேரம் அவள் அந்தக் குரலையே யோசித்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் இந்த நோய் ரத்தத்தில் வருகிறதா? உடனே கணக்குப் பார்த்தாள், அதுதானே அவள் வேலை. பல் டாக்டரைத் தள்ளிப்போட்டு எட்டு மாதம். அலுவலகத்தில் மற்றவர்களின் பிழையைத் திருத்த விட்டுக்கொடுத்த விடுப்பு பதினொரு நாள். போன வாரம் தின்ற கிழிந்த தோசை இரண்டு.

நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்கள். மிகவும் நல்லது. உங்கள் கைபேசியை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். முதுகில் சீட்டு ஏதும் செருகியிருந்தால், நீங்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சீட்டே இல்லையா? அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் கைபேசி முதுகைப் பாருங்கள். இத்தனை நாள் அது உங்கள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

நிவேதிதா கைபேசியின் கவரைக் கழற்றினாள். சூட்டில் பழுப்பேறி, ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தது சீட்டு. நகத்தால் பிரித்தாள். மூன்று தேதிகள்; முதல் இரண்டும் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. அந்தச் சீட்டை மூன்று மாதமாக அவளும் பார்த்திருக்கிறாள், பிரித்துப் படித்ததில்லை. மடிப்புக்குள் இருந்த கடைசி வரியை இப்போதுதான் படித்தாள். பரிசோதனைக்கு வரும்போது துணைக்கு ஒருவரை அழைத்து வரவும். பெயர் என்று போட்டு ஒரு கோடு.

ஊரில் பாதிப் பேருக்குத் துணைக்குப் போனவர், எதிரே உட்கார்ந்து நார் உரித்துக்கொண்டிருந்தவளிடம் நீ வருகிறாயா என்று கேட்டுவிட்டு அந்தக் கோட்டை நிரப்ப வேண்டியிருந்தது. அரை நிமிட வேலை. கோடு காலியாக இருந்தது.