எட்டு ஓட்டை பிளேஞ்சு

என் தண்ணீர் என் வரப்பைத் தாண்டாது. புத்தூர் டீக்கடையில் எல்லோர் எதிரிலும் மேசையைத் தட்டி இப்படிச் சொன்னேன். எங்கள் தாலுகா ஆந்திராவோடு போகுமா, மெட்ராஸோடு போகுமா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த சமயம். எல்லைக் கோட்டை எங்கே வேண்டுமானாலும் போடட்டும். என் எல்லை என் வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் என் மச்சான் சம்பத்.

சம்பத் என் மனைவி தாட்சாயணியின் தம்பி. எனக்கு ஆயில் இன்ஜினும் பம்ப்பும் உண்டு. அவனுக்கு வெறும் பைப்பு. வாரத்தில் பாதி நாள் அந்தப் பைப்பு என் பம்ப்பில்தான் மாட்டியிருக்கும். என் வயல் வெடித்துக் கிடக்கும், அவன் வேர்க்கடலை குளித்துக்கொண்டிருக்கும். ஊரெல்லாம் அதை "நம்ப இன்ஜின்" என்று சொல்லிக்கொண்டு வேறு திரிந்தான்.

பைப்பின் முனையில் தட்டு மாதிரி இருக்குமே, ஓட்டை போட்டு போல்ட் முடுக்குவது, அதுதான் பிளேஞ்சு. என்னிடமும் அவனிடமும் இருந்தது நாலு ஓட்டை பிளேஞ்சு. அதனால்தான் இந்தக் கூத்து. அதிக அழுத்தம் தாங்க எட்டு ஓட்டையில் வருகிறதாம். பம்ப்பின் வாயிலும் என் பைப்பிலும் எட்டு ஓட்டையை மாட்டிவிட்டால், மச்சான் நாலை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

திருப்பதிக்குக் கிளம்பினேன். கோயிலுக்குப் போகணும் என்று தாட்சாயணியும் ஒட்டிக்கொண்டாள். கடைக்காரர் ஏழுமலை எட்டு ஓட்டையில் இரண்டு தினுசு எடுத்துப் போட்டார். ஒன்றில் ஓட்டைகள் விளிம்பை ஒட்டி, மற்றதில் சற்று உள்ளே தள்ளி. நான் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றேன். தண்ணீர் கசியாமல் இரண்டு பிளேஞ்சுக்கு நடுவே வைப்பார்களே, ஓட்டை போட்ட வட்ட ரப்பர், அதில் ஒன்றைத் தாட்சாயணி பையிலிருந்து எடுத்து இரண்டின் மேலும் வைத்துப் பார்த்தாள். உள்ளே தள்ளிய தினுசுதான் கெட்டி என்றாள். என் திட்டத்தில் இவளுக்கு இத்தனை அக்கறையா என்று கடையிலேயே கண் கலங்கிவிட்டேன். அவள் சொன்னதையே வாங்கிவந்து பம்ப்பிலும் என் பைப்பிலும் மாட்டினேன்.

மறு வாரம் எல்லைக் கூட்டத்துக்காகத் திருத்தணி போய்த் தொண்டை கிழியக் கத்திவிட்டு, நேரே வயலுக்கு வந்தேன். என் பம்ப்பில் சம்பத்தின் பைப்பு. அவன் வேர்க்கடலை கொழுகொழுவென்று நனைந்து நின்றது. வரப்பில் தாட்சாயணி கூழோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா தாட்சாயணி இது? எட்டு ஓட்டையில நாலு ஓட்டை எப்படி சேரும்?"

"ஒண்ணு வுட்டு ஒண்ணு போட்டா நாலுதாங்க."

"ஓட்டை நேரா வரணுமே."

"அதுக்குத்தானே தம்பி பைப்போட ரப்பரை எடுத்தாந்து கடையில வெச்சுப் பாத்தேன்? அந்த இன்னொண்ணு சேர்ல."

என் குரல் உயர்ந்தது. "நாலு போல்ட்டு அழுத்தம் தாங்காது. புட்டுக்கும்."

"மலை மேலயா ஏத்தறோம்? வரப்பு தாண்டறதுக்கு நாலு போதுங்க."

நான் அடங்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். துண்டை உதறித் தோளில் போட்டேன். நாளைக்கே திருப்பதி போய் அந்த இன்னொரு தினுசை வாங்கி மாட்டுகிறேன், எவன் தடுக்கிறான் பார்க்கிறேன் என்று மச்சான் காதிலும் விழும்படி கத்தினேன்.

தாட்சாயணி கூழைக் கரைத்து நீட்டினாள்.

"தாராளமா வாங்குங்க. தம்பியும் புதுப் பைப்பு வாங்கணும்னு சொல்லிக்கினு கீறான். மூணு பேருமா போயி ஒரே தினுசா பாத்து வாங்கியாந்துரலாம்."