கறுப்புக் காரின் நாலாவது கட்டம்

நலத்துறைத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கறுப்புக் கார் வந்து இறங்கியது. வெள்ளைக் காரில் போய் மக்கள் நலனைக் கவனித்தால் அத்தனை எடுப்பாக இல்லை என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். எனவே அந்த ஆண்டு எல்லா இயக்குநர்களும் கறுப்புக்கு மாறினார்கள்.

வெள்ளை வண்டியில் மறைந்துபோகும் தூசியும் கீறலும் கறுப்பு வண்டியில் ஊரே பார்க்கத் தெரியும். துணி பட்டால் கோடு விழும், வெயில் பட்டால் அந்தக் கோடு மின்னும். ஒரே மாதத்தில் காரின் முகம் வாடிவிட்டது. இயக்குநர் வாகனப் பிரிவுக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆண்டு விழாவுக்கு மேலிடத்துலேருந்து வர்றாங்க. அன்னைக்கு இந்தக் கார்ல முகம் தெரியணும். என்னத்தைப் பூசுவீங்களோ, எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிடும் சார்."

"தெரிஞ்சா உங்க டிரான்ஸ்பர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

கண்காணிப்பாளருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவருடைய மனைவி வேறொரு ஊரில் டீச்சர். ராத்திரி ரயிலேறினால் விடிந்தபின் போய்ச் சேரும் தூரம். மகள் பிறந்ததிலிருந்து அங்கே மாற்றல் கேட்டுக்கொண்டிருக்கிறார். மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. போன தடவை லீவில் போயிருந்தபோது அவள் இவருக்கு மரியாதையாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "நீங்க எப்ப உங்க வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை மனிதரால் ஜீரணிக்கவே முடியவில்லை.

எனவே மூன்று பேர் கொண்ட பூச்சுத் தேர்வுக் குழு முறைப்படி அமைக்கப்பட்டது. கண்காணிப்பாளர் தலைவர். தலைமை எழுத்தர் வாக்ஸ் கட்சி, அதாவது பழைய மெழுகுப் பூச்சு. உதவிப் பொறியாளர் சீலன்ட் கட்சி, அதாவது புதிதாக வந்த ரசாயனப் பூச்சு. உதவிப் பொறியாளருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது, பஸ்ஸில்தான் வருவார். ஆனால் பஸ்ஸில் வரும் நேரம் முழுக்கக் கார் துடைக்கும் வீடியோ பார்த்து, அந்தத் துறையில் கரைகண்டவர் ஆகியிருந்தார்.

"வாக்ஸ்னா அதோட அழகே தனி" என்று தலைமை எழுத்தர் ஆரம்பித்தார். "கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி ஆழமாத் தெரியும்."

"ரெண்டு மழை பேஞ்சா உங்க கிணறு காணாமப் போயிடும் சார். சீலன்ட்னா மாசக்கணக்குல அசையாது. உலகமே சீலன்ட்டுக்குப் போயிடுச்சு."

"உலகம் போகும். அதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்கணும்? நாம வாங்கணும்ல?"

இரண்டையும் பூசினால் என்ன என்று கண்காணிப்பாளர் சமாதானம் பேசினார். உடனே எது மேல் எது என்ற சிக்கல் வந்தது. சீலன்ட் பெயின்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதனால் அது அடியில்தான் என்றார் பொறியாளர். வாக்ஸ் சீனியர், அதனால் அது மேலேதான் என்றார் எழுத்தர். இருவரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கக் குழுவுக்கு ஒரு முழு அமர்வு தேவைப்பட்டது.

கடைசியில் காரின் முன்மூடியான பானட்டின் மேல் ஒட்டுத்தாளால் நாலு கட்டம் கட்டினார்கள். முதல் கட்டத்தில் வாக்ஸ். இரண்டாவதில் சீலன்ட். மூன்றாவதில் சீலன்ட் மேல் வாக்ஸ். நாலாவதில் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த ஏதோ ஒரு மெழுகு. சோதனை முடியும்வரை காரை வெளியே எடுக்கக் கூடாது என்று உத்தரவானதால் இயக்குநர் துறையின் ஆம்புலன்ஸில் ஆய்வுக்குப் போய்வந்தார். அவர் போன இடத்திலெல்லாம் ஆட்கள் பதறியடித்து எழுந்து நின்றார்கள். அது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பூச்சு காய்ந்து சாம்பல் பூத்ததும் துணியால் துடைத்துவிட வேண்டும், அப்போதுதான் பளபளப்பு வெளியே வரும். ஆனால் அந்த அலுவலகத்தில் பூசுவது வாகனப் பிரிவின் வேலை, துடைப்பது துப்புரவுப் பிரிவின் வேலை. ஒருவர் பூசியதை அவரே துடைத்தால் இரண்டு பிரிவு எதற்கு என்ற கேள்வி எழுந்துவிடும். துப்புரவுப் பிரிவிலிருந்து ஆள் வந்தார். நிதானமாக மூன்று கட்டங்களைத் துடைத்தார். மணி அடித்தது, துணியை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். நாலாவது கட்டம் சாம்பல் பூத்தபடியே கிடந்தது.

மறுநாள் காலை இயக்குநர் முதல் கட்டத்தின் மேல் குனிந்தார்.

"யாருய்யா இது?"

"நீங்கதான் சார்" என்றார் தலைமை எழுத்தர்.

இயக்குநர் இன்னும் கிட்டே குனிந்தார். கண்ணுக்குக் கீழே இரண்டு பை, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை, சாயம் முடிந்து நரை ஆரம்பிக்கும் எல்லை, எல்லாம் ஆழமாகத் தெரிந்தன. இரண்டாவது கட்டத்துக்கு நகர்ந்தார். அங்கே இன்னும் கூர்மை. மூன்றாவதில் உதவிப் பொறியாளர் பெருமை தாங்காமல், "மூக்குக்குள்ள இருக்கற முடிகூடத் தெரியுது பாருங்க சார்" என்றார்.

இயக்குநரின் முகம் சிவந்தது. அந்தச் சிவப்பும் தெரிந்தது. டிரான்ஸ்பர் கைநழுவிப் போவதைக் கண்காணிப்பாளர் கண்ணாலேயே பார்த்தார்.

அப்போது இயக்குநரின் பார்வை தற்செயலாக நாலாவது கட்டத்தில் விழுந்தது. சாம்பல் புகைக்குள் ஓர் உருவம். சுருக்கம் இல்லை, தொப்பை இல்லை, வயது இல்லை. தலை நிறைய முடி இருப்பது போலவும் ஒரு தோற்றம். உற்றுப் பார்த்தால் லேசாகச் சிரிக்கிற மாதிரிகூட இருந்தது.

"இதான்யா பளபளப்பு" என்றார்.

"சார், அது இன்னும் துடைக்க..." என்று ஆரம்பித்த உதவிப் பொறியாளரின் காலைக் கண்காணிப்பாளர் ஓங்கி மிதித்தார்.

"துடைக்கவே தேவையில்லாத ரகம் சார் அது" என்றார். அதற்குமுன் அவர் அலுவலகத்தில் பொய் சொன்னதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மகளுக்காகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கார் முழுக்க அதே மெழுகைப் பூசித் துடைக்காமல் விட்டார்கள். விழாவுக்கு வந்த மேலிடம் காரைப் பார்த்தது, தலையைக் கோதிக்கொண்டது, திரும்ப ஒரு தடவை பார்த்தது. அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்துவிட்டது. பார்ப்பவருக்கு மனநிறைவு தருவதே பளபளப்பு எனப் பொருள் கொள்ளப்படும் என்றும், இனி எந்தக் கறுப்புக் காரும் எக்காரணம் கொண்டும் துடைக்கப்படலாகாது என்றும் அதில் கண்டிருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? கார் உள்ளவர்கள் காருக்குப் பூசினார்கள், இல்லாதவர்கள் வீட்டுக் கண்ணாடிக்குப் பூசினார்கள். முடிவெட்டும் கடைக்காரர் தன் கடைக் கண்ணாடிக்குப் பூசியபிறகு ஒரு வாடிக்கையாளரும் குறை சொல்லவில்லை. துடைத்த கார் வைத்திருப்பவரைப் பட்டிக்காடு என்று பேசிக்கொண்டார்கள்.

நலத்துறை இன்னும் ஒரு படி மேலே போனது. குறைதீர்க்கும் நாளில் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உதவித்தொகை நின்றுபோய் ஐந்தாறு மாதமாக அலையும் ஓர் அம்மாளைத் தலைமை எழுத்தர் அங்கே கூட்டிப்போனார்.

"குனிஞ்சு பாருங்கம்மா. கஷ்டப்படறவங்க முகமா இது?"

அந்த அம்மாள் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கேன் போலிருக்கு" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அந்த மாதம் ஒரு குறைகூடப் பதிவாகவில்லை. துறைக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

கேடயம் வந்த கையோடு கண்காணிப்பாளர் இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

"சார், அந்தக் கையெழுத்து..."

"உங்களை விட்டுட்டு நான் என்னய்யா பண்ணுவேன்? ஊருக்கு ஒரு பூச்சு அலுவலர் போடப் போறாங்க. எல்லாருக்கும் நீங்கதான் பயிற்சி கொடுக்கணும்."

கண்காணிப்பாளர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஊருக்கு ஒருவர் என்றால் மனைவி இருக்கும் ஊருக்கும் ஒருவர் வேண்டுமே. உயிரைக் கொடுத்துப் பயிற்சி கொடுத்தார். எப்படிப் பூசுவது என்று ஒரு நாள், எப்படித் துடைக்காமல் இருப்பது என்று மீதி நாள். முடிந்ததும் அந்த ஊர்ப் பதவியைத் தனக்குக் கேட்டார். பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே அந்தப் பதவி என்று பதில் வந்தது. இவர் பயிற்சி கொடுத்தவர், பெற்றவர் அல்ல.

"இன்னொருத்தர்கிட்ட நான் பயிற்சி எடுத்துக்கறேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். பயிற்சி கொடுக்கத் தகுதி உள்ளவர் இவர் ஒருவர்தான் என்றார்கள்.

அந்த ஊருக்கு இவரிடம் பயின்ற ஓர் இளைஞரைப் போட்டார்கள். உத்தரவோடு அவர் கண்காணிப்பாளரைத் தேடி வந்தார், கண் கலங்கியிருந்தது.

"என் மனைவி, கைக்குழந்தை எல்லாம் இந்த ஊர்லதான் சார். அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

கண்காணிப்பாளர் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். தெய்வமே நேரில் வந்ததாக அவருக்குத் தோன்றியது. நான் அங்கே, நீங்கள் இங்கே, அரசுக்கு ஒரு காசு செலவில்லை. அன்று மாலையே மனைவிக்குப் போன் செய்து, "மககிட்ட சொல்லிடு, அப்பா வீட்டுக்கே வந்துடறாராம்னு" என்றார். இருவரும் சேர்ந்து ஒரு மனு எழுதி, மறுநாள் இயக்குநர் காரில் ஏறப்போகும் சமயம் பார்த்து நீட்டினார்கள்.

இயக்குநர் மனுவை வாங்கவில்லை. கருணையோடு இருவரின் தோளிலும் கை போட்டுப் பானட் பக்கம் திருப்பினார்.

"இந்தத் துறையில குறையை எப்படிப் பரிசீலிக்கிறோம்னு உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா? பாருங்க."

இருவரும் குனிந்தார்கள். சாம்பலுக்குள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், கவலையே இல்லாதவர்களாக.

"எப்படி இருக்கீங்க?"

இளைஞர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் பானட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கோம் சார்" என்றார் கண்காணிப்பாளர்.