ஓவியாவின் மாத்திரையை ஊரே முடித்தது

அடி அண்ணாமலை,
14.9.1998

கீழ்பென்னாத்தூரில் மருந்துக் கடையும் மாறாத புன்னகையும் வைத்திருக்கும் மதிப்பிற்குரிய கோதண்டராமன் மாமா அவர்களுக்கு, அக்கா மகள் வினோதினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம், அப்பா அம்மா நலம், கன்றுக்குட்டி மிக நலம். தங்கை ஓவியா மட்டும் நலமில்லை. நாளை மதியப் பேருந்தில் அம்மா உங்கள் கடைக்கு வருவார். அதற்கு முன் காலைப் பேருந்து கண்டக்டரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். அக்கா கண்ணைக் கசக்கினால் நீங்கள் ஷட்டரையே கழற்றிக் கொடுத்துவிடுவீர்கள் என்பதால் காரணத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் கதையே.

போன மாதம் ஓவியாவுக்கு டைபாய்டு ஜுரம் வந்து, டாக்டர் ஒரு அட்டை மாத்திரை எழுதிக் கொடுத்தார் இல்லையா, அதே வாரம் எங்கள் நர்சிங் பள்ளியில் பொன்னி மேடம், "மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், இதை முதலில் உங்கள் வீட்டில் சொல்லுங்கள்" என்றார். நானும் முதலாமாண்டு மாணவிக்கே உரிய மேதாவித்தனத்தோடு வீட்டுக்கு வந்து, கரண்டியை மைக் போலப் பிடித்துக்கொண்டு, "அட்டையில ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது, ஆமா!" என்று முழங்கினேன். அப்பாவைத்தான் தெரியுமே, கிரிவலப் பாதையில் சுக்குக் காபிக் கடை. பௌர்ணமி முடிந்து அண்டாவில் ஒரு டம்ளர் மிஞ்சினாலும் தூக்கம் வராது. சில நாளில் காலி அட்டையை நீட்டி, "சுத்தமா முடிச்சாச்சு வினோ" என்றார். நான் நர்சிங் கோர்ஸை முடிப்பதற்குள் அப்பா மாத்திரைக் கோர்ஸையே முடித்துவிட்டாரே என்று பூரித்து, அட்டையை வகுப்பில் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். பௌர்ணமி முகாமில் நர்சுகளுக்கும் மாணவிகளுக்கும் முன்னால் உங்கள் அப்பாவே வந்து பேசட்டும் என்றுவிட்டார் மேடம்.

அப்பா வெளுத்த வேட்டியில் வந்து மைக்கைப் பிடித்தார். "பாப்பாவுக்கு மூணா நாளே ஜுரம் வுட்டுப் போச்சுங்க. அப்புறம் தின்ன மாட்டேன்னு ஒரே அழுகை. மிச்சம் வெக்கக் கூடாதுன்னு பொண்ணு சொல்லியிருக்குது, வுடுவனா? முட்டி வலிக்கு நான் ஒண்ணு போட்டேன். தலைநோவுன்னு எங்க வூட்ல ஒண்ணு. கன்னுக்குட்டி சரியா மேயல, வெல்லத்துல வெச்சு அதுக்கு ரெண்டு. கடைசி ஒண்ணு, கிரிவலம் வந்த பெங்களூர்க்காரரு ஜாஸ்தியா தும்முனாரு, காபியோட இலவசமா குடுத்துட்டேன்!"

முன்வரிசை நர்சுகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மேடம் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல என்னன்னு சொன்ன?"

"அட்டை காலியாகணும்னு, மேடம்."

"யாரு வாயிலன்னு சொன்னியா?"

சொல்லவில்லை, மாமா.

மேடம் மைக்கை வாங்கினார். "யாரும் சிரிக்காதீங்க. நாமளும் ஊருக்கு இப்படித்தானே சொல்லிட்டிருக்கோம்? யாருக்கு எழுதினதோ அவங்களேதான் கடைசி மாத்திரை வரைக்கும் போடணும். ஜுரம் கம்மியாச்சுன்னா கிருமி மொத்தமும் செத்துடுச்சுன்னு அர்த்தமில்ல. நோஞ்சான் கிருமிதான் மொதல்ல சாகும், முரட்டுப் பயலுங்க மிஞ்சி நிப்பானுங்க."

வீட்டுக்கு வந்தால் ஓவியா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். முரட்டுப் பயல்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஜுரம் இறங்கவில்லை, இட்லி இறங்கவில்லை, அப்பா கடை திறக்கவில்லை. நான் ஒன்று கொடுத்தால் இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளை. நேற்று தலையணைக்கு அடியில் ரப்பர் பல்லியை வைத்தேன், எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, "அப்புறமா பயப்படறேன்க்கா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குத்தான் பயமாகிவிட்டது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். எந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்கும் என்று தெரிகிறவரை வெளியில் எதுவும் வாங்கிக் கொடுக்கக் கூடாது என்கிறார். அம்மாவோ, "எந்தம்பி கையால ரெண்டு மாத்திரை குடுத்தா ஜுரம் ஓடிப்போவும், இவுரு ரத்தத்த வெச்சுக்கினு வேடிக்கை பாக்கறாரு" என்று பையைத் தூக்கிவிட்டார். உங்கள் ரெண்டு மாத்திரையால் அந்த முரடர்களுக்கு உடற்பயிற்சிதான் கிடைக்கும், மாமா. "தீர்ந்துபோச்சுக்கா" என்று ஒரே ஒரு பொய் சொல்லுங்கள். பாவம் எல்லாம் என் கணக்கில்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் இளகிய மனசு இரண்டு நாளைக்கு மட்டும் இறுகியிருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்ளும்,

வினோதினி

பி.கு.: மேலே எழுதிய எதையும் கேட்காதீர்கள்! காலையில் கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுப்பதற்குள் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பழைய மாத்திரைக்கு அந்தக் கிருமி அசையாதாம், ஊசிதான். இங்கே கிடைத்ததை வைத்து இன்றைக்கே ஆரம்பித்தாயிற்று, ஆனால் டாக்டர் சொன்ன நாட்களில் பாதிக்குத்தான் வரும். டாக்டர் சீட்டோடும் இந்தக் கடிதத்தோடும் அம்மாவே வருகிறார். வேலூரிலிருந்து வரவழைத்தாவது மீதி ஊசியை முழுதாகக் கொடுத்துவிடுங்கள், ஒன்றுகூடக் குறையக் கூடாது. பங்கு போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். "மிச்சம் இருந்தா யாரு முடிச்சு வெக்கறீங்க?" என்று இப்போதுதான் கேட்டுப் பார்த்தேன். அம்மா பேருந்துக்கு நேரமாச்சு என்கிறார், அப்பா கடையைத் திறக்கப் போய்விட்டார். ஓவியா மட்டும் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, "கன்னுக்குட்டிக்குப் போடுக்கா" என்றாள். சிரித்தாள், மாமா.